ஆட்டிடம் கேட்டுவிட்டு ஏற்றவும்

ஆடுகள் அனுமதியில்லாமல் செத்துவிட்டன என்றார் ஜப்பானிய அதிகாரி. அதைத் தமிழில் சொல்வது என் வேலை. சொன்னேன்.

எதிரே நின்ற ஹமீது பாய் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், பிறகு கிளேபாங் கடற்கரை மணலில் வயிறு ஊதிக் கிடந்த ஆடுகளைப் பார்த்தார்.

"யாரோட அனுமதி, தம்பி?"

விசாரித்துச் சொன்னேன். சக்கரவர்த்தியின் அனுமதியாம்.

"சரி. அடுத்த தடவ அதுங்ககிட்ட சொல்லிப் பாக்கறேன்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் உயிரோடிருக்க வேண்டுமானால் பாதியை விழுங்கத் தெரிய வேண்டும். மூன்று மாத ஜப்பானிய வகுப்பில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வெள்ளைக்காரன் ஓடிப்போனதும் காலேஜ் கனவும் அவனோடு கப்பலேறிவிட்டது. கையில் மிச்சமிருந்தது கொஞ்சம் வாய். அதை இராணுவத்துக்கு இறைச்சி சேர்க்கும் அலுவலகத்தில் வாடகைக்கு விட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். சியோனானில், அதாவது முந்தாநாள் வரை சிங்கப்பூராக இருந்த ஊரில், சிப்பாய்களுக்கு ஆட்டுக்கறி வேண்டும். மலாக்காவில் ஆடு இருக்கிறது. லாரிக்கு எண்ணெய் கிடையாது, கடலுக்கு எண்ணெய் தேவையில்லை. ஆகவே தொங்காங் என்கிற பாய்மரச் சரக்குப் படகில் ஆடுகளை உயிரோடு ஏற்றி அனுப்பவும் என்று உத்தரவு. மார்க்கெட்டில் காலமெல்லாம் ஆடு அறுத்தவர் என்பதால், ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஹமீது பாயையும் கூடவே ஏற்றினார்கள். காய்ச்சல்காரனுக்குத் துணையாக வெட்டியானை அனுப்புகிற மாதிரிதான். ஆனால் பாய் உண்மையிலேயே பார்த்துக்கொண்டார்.

வழியில் முவாருக்கு நேரே காற்று நின்றுவிட்டது. ஆகாய விமானத்துக்குப் பயந்து அடித்தளத்தின் மேல் பலகையை இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று நின்றன. கீழே இருந்தது மூச்சு விட்டால் மேலே இருந்தது சாய்ந்தது. குடிதண்ணீர் மாலுமிகளுக்கே மட்டு. பாய் தன் பங்குத் தண்ணீரில் கோணிச்சாக்கை நனைத்து இடுக்கு வழியாகத் தொங்கவிட்டாராம். அதை நக்குவதற்காக ஆடுகள் ஒன்றையொன்று மிதித்ததைச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "அறுக்கறவன் நான். எனக்கே பொறுக்கல," என்றார்.

செத்ததைக் கடலில் போட்டார்கள். நீரோட்டம் அவற்றை வடக்கே தள்ளிக்கொண்டு வந்தது. தொங்காங் திரும்பி வருவதற்கு முன்பே ஆடுகள் திரும்பி வந்துவிட்டன.

அதற்காகப் பெரிய அதிகாரி நம் அதிகாரியை அறைந்தார். நம் அதிகாரி தொங்காங்கை ஓட்டிய தண்டலை அறைந்தார், பிறகு ஹமீது பாயை. அறைக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பாய் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். "இங்கேயே அறுத்து உப்புக்கண்டம் போட்டுரலாம். ஊர்ல பாதிப் பேரு கடல்தண்ணியக் காய்ச்சி உப்பு எடுக்கறான். வெயிலுக்கும் பஞ்சமில்ல. காஞ்ச கறிக்குத் தண்ணி வேணாம், காத்து வேணாம். முவாருல ஒரு வாரம் நின்னாலும் அது பாட்டுக்குக் கெடக்கும்."

இவ்வளவு தெளிவான பேச்சை நான் அந்த அலுவலகத்தில் கேட்டதேயில்லை. சந்தோஷமாக மொழிபெயர்த்தேன்.

"உத்தரவில் உயிருள்ள ஆடு என்றிருக்கிறது," என்றார் அதிகாரி. "காய்ந்த ஆடு உயிருள்ள ஆடு அல்ல."

கிளேபாங் மணலைக் கைகாட்டினேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அடுத்த ஒரு வாரம் நான் அவரோடு நியாயம் பேசினேன். என் ஆயுளில் பாதி அந்த வாரத்தில் போய்விட்டது. தண்ணீரில்லாமல் ஆடு சாகும் என்றேன். மன உறுதி இருந்தால் தண்ணீர் தேவையில்லை என்றார். ஆட்டுக்குமா என்றேன். ஆட்டுக்கும்தான். இளைத்துப்போகுமே என்றேன், சிப்பாய்களும் இளைத்துத்தான் இருக்கிறார்கள் என்றார். சரி, பலகையையாவது திறந்து வைக்கலாமே. திறந்தால் ஆடுகள் வெளியே பார்க்குமாம். பார்த்தால் என்ன? அவர் கதவைக் காட்டினார். இராணுவ ரகசியம் போலிருக்கிறது.

வார முடிவில் புது உத்தரவு வந்தது. அடுத்த தொங்காங்குக்கு கஜா பேராங் வட்டாரத்து ஆடுகள் எல்லாம். கிடா, பெட்டை, கறவை, எல்லாம்.

கஜா பேராங்கில்தான் என் அக்கா ருக்மணியின் வீடு. அவளிடம் இருப்பது ஒரு கைக்குழந்தை, ஒரு கறவை ஆடு. புருஷன் மருதமுத்து இலவசப் படம் காட்டுகிறார்கள் என்று போனார். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சயாம் ரயில்பாதை வேலைக்குத் தாமாகவே முன்வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதோடு சரி. மரவள்ளிக்கிழங்கையே தின்று அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது. டின்பால் என்பது வெள்ளைக்காரன் காலத்துப் புராணம். குழந்தை பிழைத்திருப்பது ஆட்டுப்பாலில்.

ஆட்டின் பெயர் கோகிலா. குரலுக்காக வைத்த பெயர். அது கத்தினால் எதிர்ச்சாரியில் இருக்கிற மலாக்காச் செட்டிக் குடும்பத்தார் ஜன்னலைச் சாத்துவார்கள்.

நான் செய்தியோடு போனபோது அக்கா கறக்க உட்காரும் நேரம். சாக்கடைச் சேற்றில் புரண்டுவிட்டு வருகிற ஆடு என்பதால், தினமும் காதிலிருந்து வால் வரைக்கும் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் கறப்பாள். குட்டியிலிருந்தே பழக்கம். தண்ணீர் பட்டதும் கோகிலா கல்லில் செதுக்கி வைத்தது போல நின்றுவிடும். ஈ உட்கார்ந்தாலும் அசையாது. கறக்கத் தாமதமானால் மட்டும் வாயைத் திறக்கும்.

சொன்னேன். அக்காவின் கை நின்றது.

"நீ அங்க என்னதான்டா வேல பாக்குற?"

"மொழிபெயர்க்கறேன்க்கா."

"அப்ப இதையும் பேத்துச் சொல்லு. ஆட்டக் கொண்டு போயிட்டா புள்ளைக்கு எதக் குடுக்கறது? ஒன் ஜப்பான் பாஷையையா?"

"சொல்லிப் பாத்துட்டேன். அந்த ஆளு மண்டையில ஏற மாட்டேங்குது."

"ஏறாட்டி ஏணி வை. படிச்சவன்தானே." கோகிலா கத்தியது. அக்கா திரும்பவும் கறக்க ஆரம்பித்தாள். முகத்தை ஆட்டின் விலாவில் வைத்து மறைத்துக்கொண்டாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அதிகாரி வழக்கம்போல் சக்கரவர்த்தியின் திசையான கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கினார். நாங்களும் குனிந்தோம். அப்போதுதான் தோன்றியது: இந்த மனிதர் நியாயத்துக்கு ஒருநாளும் குனிந்ததில்லை. சடங்குக்குத் தினமும் குனிகிறார்.

"ஐயா," என்றேன், நிமிர்ந்ததும். "கஜா பேராங் ஆடுகளில் ஒரு சிக்கல். எங்கள் வழக்கப்படி ஆட்டைச் சாவுக்கு அனுப்பும் முன் அதனிடம் சம்மதம் கேட்க வேண்டும்."

அவர் கண் முதல் தடவையாக என்னை மனிதனாகப் பார்த்தது. "எப்படிக் கேட்பீர்கள்?"

"மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாமல் நின்றால் இல்லை."

இதில் பொய்யில்லை. அம்மனுக்கு நேர்ந்த கிடாவை எங்கள் ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு நடை நடந்தார். சம்மதித்து வருகிற ஆடு வழியில் சாகாது என்று கண்டுபிடித்தார். போன தடவை ஆடுகளுக்கு மனமில்லாததுதான் காரணமாம். எல்லா ஆட்டையும் கேட்டுவிட்டு ஏற்றவும். மறுத்தவை வீட்டிலேயே இருக்கலாம் என்று உத்தரவிட்டார்.

என் அத்தானை யாரும் தண்ணீர் தெளித்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இதையும் விழுங்கினேன்.

எதிர்ச்சாரி நல்லையாவுக்குச் செய்தி போனதும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. செட்டிக்காரர், பேச்செல்லாம் மலாய்தான். "கம்பிங் புன் கெனா தானியா கா?" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்டார். ஆட்டைக் கூடவா கேட்க வேண்டும் என்று அர்த்தம். அவருக்கும் ஆடு இருந்தது. அதனால் சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அடுத்து பொன்னுதுரையைப் பிடிக்க வேண்டும். எங்கள் தெருக் கோயிலில் கிடாவுக்குத் தண்ணீர் தெளிப்பவர் அவர்தான். ஈரம் ஆட்டின் காதிலும் முதுகுத்தண்டிலும் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும், குளம்பில் ஊற்றினால் எந்த ஆடும் சும்மா நிற்கும். இது ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் சொல்லிக்கொள்ள மாட்டோம். அம்மன் காரியம்.

"குளம்புல ஊத்துங்கண்ணே. எல்லா ஆடும் நின்னுடும். எல்லா ஆடும் வீட்டுக்குப் போயிடும்."

பொன்னுதுரை முகம் சுருங்கியது. "எங் கையில ஒரு கிடா கூட மாட்டேன்னு சொன்னதில்ல, கருணா."

"ஒரே ஒரு நாள்ண்ணே. அக்கா புள்ளைய நெனச்சுக்குங்க."

"புள்ளைக்காகத்தான்," என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் போல.

அந்த நாளும் வந்தது. ஆற்று முகத்துவாரத்தில் சம்பான் என்கிற துடுப்புப் படகுகள் நின்றன, தள்ளித் தொங்காங் நின்றது. கஜா பேராங்கே கையில் கயிறும் கயிற்றில் ஆடுமாக வந்திருந்தது. அதிகாரி வாளெல்லாம் கட்டி வந்திருந்தார். ஹமீது பாயும் வந்திருந்தார். திரும்பவும் அவர்தான் தொங்காங்கில் துணை. கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார். போன தடவை உள்ளே குற்றுயிராகக் கிடந்தவற்றுக்குச் செய்ய முடியாமல் போனதை இந்தத் தடவையாவது செய்வாராம்.

பொன்னுதுரை வேப்பிலையும் பித்தளைச் செம்புமாக முன்னே வந்தார். முதல் கிடாவின் குளம்பில் ஊற்றினார். கிடா குனிந்து குளம்பைப் பார்த்தது. அவ்வளவுதான்.

"மறுக்கிறது," என்றேன். அதிகாரி தலையசைத்தார். இரண்டாவதும் மறுத்தது. மூன்றாவது, ஈரக் குளம்பைத் தூக்கி என் வேட்டியில் துடைத்துவிட்டு மறுத்தது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வாழ்க்கையில் ஒரு தடவை நான் போட்ட கணக்கு சரியாக வருகிறது.

அப்போதுதான் கூட்டத்தில் முணுமுணுப்பு. "என்ன, ஒண்ணுகூட குடுக்க மாட்டேங்குது?" "அம்மனுக்குக் கோவமோ?" "கை ராசி போயிருச்சுபோல." நல்லையா அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பூசாரி சூடா துவா லா," என்றார். ஆளுக்கு வயசாகிவிட்டது என்று.

பொன்னுதுரையின் பிடரி விறைப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். "அண்ணே," என்றேன். "அண்ணே, வேணாம்."

செம்பு உயர்ந்தது. ஒரு கை தண்ணீர் காதுக்குள், மிச்சம் முதுகுத்தண்டு நெடுக. நான்காவது கிடா கொம்பிலிருந்து வால் வரை அப்படியொரு சிலுப்புச் சிலுப்பியது. அதிகாரியின் வாளுறை வரைக்கும் மஞ்சள்.

பெண்கள் குரவை விட்டார்கள். தங்கள் ஆடு தங்கள் கண்முன்னால் கடலேறச் சம்மதித்ததற்கு, வாய் நிறைய குரவை. பிறந்ததிலிருந்து கிடா சிலுப்பினால் குரவை விட்டுப் பழகிய நாக்கு. அதில் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது என் அக்காவின் குரல். திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொரவ தானா வந்துருச்சுடா!"

அதற்குப் பிறகு பொன்னுதுரையைப் பிடிக்க முடியவில்லை. காது, முதுகு, சிலுப்பு, குரவை. மறுத்த மூன்று கிடாக்களையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவற்றிடமும் சம்மதம் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் நல்லையாவை ஒரு பார்வை வேறு. அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "பார்த்தாயா? எல்லாம் முன்வருகின்றன. ஏற்று!"

சம்பான்காரர்கள் முதல் கிடாவைக் காலோடு கையோடு தூக்கினார்கள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். யோசனை என்னுடையது, கதை என்னுடையது, ஆடுகள் மட்டும் போகின்றன.

"டேய்! எங்கடா தூக்குறீங்க?"

கத்தியது பொன்னுதுரை. செம்பைத் தூக்கிக்கொண்டு சம்பான்காரர்கள் மேல் பாய்ந்தார். "சிலுப்பின ஆட்ட நிக்க வெக்கப்படாது! கேட்ட எடத்துலயே அறுக்கணும்! ஒங்க இஷ்டத்துக்குக் கப்பல் ஏத்தவா நான் அம்மன்கிட்ட வாக்கு வாங்கினேன்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மணலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"சம்மதம் இந்த இடத்துக்கு மட்டும்தான் செல்லும், ஐயா. கடலில் செல்லாது. சம்மதித்த ஆடு வழியில் செத்தால் கேட்டவருக்குத் தீராத அவமானம்."

"கேட்டவர் யார்?"

"கேட்கச் சொன்னது தாங்கள்தான்."

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போய் வந்தது. "ஆனால் உத்தரவில் உயிருள்ள ஆடு..."

"அது சாதாரண ஆடுகளுக்கு, ஐயா. தாமாக முன்வந்தவர்களைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை."

கடலைப் பார்த்தார். காற்று அன்றைக்கும் பெரிதாக இல்லை. தொங்காங்கின் பாய் ஈரத்துணி போலத் தொங்கியது. முன்வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவர் இராணுவத்தில் இல்லை.

"இங்கேயே," என்றார்.

ஹமீது பாய் துணியை அவிழ்த்தார். முதல் கிடாவுக்கு ஒரு குவளை தண்ணீர் காட்டினார், குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே காரியத்தை முடித்தார். கிடா கத்தக்கூட நேரமில்லை. ஆடுகளை நான் காப்பாற்றினேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவற்றுக்கு ஒரு கடல் பயணம் மிச்சம். அவ்வளவுதான்.

ஆனால் இப்போது சிலுப்பினால் கத்தி. வரிசையில் அடுத்து நின்றது கோகிலா.

"ஐயா, பெட்டையை எங்கள் வழக்கத்தில் கேட்பதில்லை," என்றேன் அவசரமாக.

"புது யுகத்தில் எல்லாரையும் கேட்போம்," என்றார் அதிகாரி.

நான் பொன்னுதுரையின் காதோடு போய், "குளம்புண்ணே. கால்ல விழறேன், குளம்பு," என்றேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றி மயக்கம். அக்கா கயிற்றை ஒரு கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிப் பிடித்திருந்தாள். இடுப்பில் குழந்தை.

செம்பு உயர்ந்தது. காது. முதுகு.

கோகிலா கல்லாக நின்றது. அக்காவின் தினசரிக் குடத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

பொன்னுதுரை இன்னொரு கை அள்ளி இன்னொரு காதில் ஊற்றினார். கோகிலா அசைபோட்டது. முழுச் செம்பையும் கவிழ்த்தார். ஆற்றுக்கு ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்து மறுபடியும் கவிழ்த்தார். தண்ணீர் கொம்பு வழியாக, தாடி வழியாக, மடி வழியாகச் சொட்டியது. ஒரு ரோமம் சிலுப்பவில்லை. பொன்னுதுரைக்கு வேர்த்துவிட்டது.

"என்னா ஆடு இது!" என்றார், அழாக்குறையாக.

அதிகாரி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து கோகிலா வாயைத் திறந்தது. தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரமாகிறது, இன்னும் கறக்க யாரையும் காணோம். அந்தக் குரலுக்கு அதிகாரி இரண்டடி பின்வாங்கினார்.

"என்ன சொல்கிறது?"

ஆட்டை மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அக்கா குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, பொன்னுதுரையின் செம்பைப் பிடுங்கி, மணலில் குந்தி, கறக்க ஆரம்பித்துவிட்டாள். சர்ர், சர்ர் என்று பித்தளையில் பால் விழும் சத்தம். 

"வேலையில் இருக்கிறதாம், ஐயா," என்றேன். "பணி நேரத்தில் வேறெதற்கும் முன்வர முடியாதாம்."

அதிகாரி குனிந்து செம்புக்குள் பார்த்தார். பிறகு சடாரென்று நிமிர்ந்தார். "பணியில் இருப்பவர்களை விட்டுவிடு."

இதை நான் மலாயிலும் தமிழிலும் தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த கணம் கஜா பேராங் பெண்கள் அத்தனை பேரும் ஆடுகளுக்கடியில் குந்தியிருந்தார்கள். பால் இருந்ததும் இல்லாததும் கறக்கப்பட்டது. நல்லையாவின் மனைவி அவசரத்தில் கிடாவுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் கிழக்கே பார்த்துக்கொண்டேன்.

உப்புக்கண்டம் மூட்டைகளாகத் தொங்காங்கில் போனது. முவாருக்கு நேரே காற்று வழக்கம்போல் நின்றதாம். கறி ஒன்றும் சொல்லவில்லை. சியோனானிலிருந்து பாராட்டு வந்தது. அதற்குப் பிறகு மலாக்காவிலிருந்து ஆடு மாடு எதையும் உயிரோடு கடலில் ஏற்றக்கூடாது என்று நம் அதிகாரியே உத்தரவு போட்டார். யோசனையும் தன்னுடையதுதான் என்றார். தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஹமீது பாயை முதுகில் தட்டிக்கொடுத்தார். அறைந்த அதே கை.

ஒரு நாள் வணக்கம் முடிந்ததும் என்னைக் கேட்டார்: "உங்கள் வழக்கத்தில் மனிதர்களையும் இப்படிக் கேட்பதுண்டா?"

"எங்களைக் கேட்கும் வழக்கம் யாருக்குமே இருந்ததில்லை, ஐயா," என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். புரிந்ததா என்று தெரியவில்லை. நான் அன்றைக்கு எதையும் விழுங்கவில்லை.

பொன்னுதுரைதான் இன்னும் தேறவில்லை. விடிந்ததும் செம்போடு அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கிணற்றிலிருந்து தானே இறைத்து வந்து, காது, முதுகு, வால் என்று விதவிதமாக ஊற்றிப் பார்க்கிறார். கோகிலா அசைவதில்லை. "நாளைக்கு வர்றேன்," என்று முறைத்துவிட்டுப் போகிறார்.

"வாங்கண்ணே, வாங்க," என்று குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே வழியனுப்புகிறாள் அக்கா. அவளுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை மிச்சம்.